ஒல்லாந்து நாட்டின் நீரிறைக்கும் காற்றாலைகள்

நிலத்திற்கு நீர் பாய்ச்சுதலே உழவின் முதற்பணி எனக் கருதிப் பழகியவர் நாம். ஏற்றம், கவலை, இறைகூடை முதலிய நம் கருவிகள் யாவும் தாழ்ந்த இடத்து நீரை மேட்டு நிலத்திற்கு ஏற்றித் தருவன. ஆயின், நீரை நிலத்தினின்று இறைத்து வெளியேற்றுதலே உழவின் முதற்பணியாக அமைந்த நாடும் உலகில் உண்டு. அதுவே நெதர்லாந்து என வழங்கும் ஒல்லாந்து. அந்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்திற்குத் தாழ்ந்து கிடக்கின்றது. அங்கே வயலில் நின்று நோக்குவான், கரைக்கு அப்பால் தன் தலைக்கு மேலான மட்டத்தில் மரக்கலம் செல்வதைக் காணலாம். இத்தகைய நிலத்தை நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நீரில் மூழ்காது காத்தவை காற்றாலைகள். அவை தோன்றிய வரலாற்றையும், ஓய்ந்த காரணத்தையும், மீட்கப்பெற்ற முறையையும் ஈண்டு ஆராய்வோம். பழம்பொருளைக் காத்தல் என்பது யாது என்னும் வினாவிற்கும் அவ்வாராய்ச்சியில் ஒரு விடை கிடைக்கும்.

1. நிலம் தாழ்ந்த காரணம்

ஒல்லாந்தின் மேற்குப் பகுதி, நாணலும் பாசியும் புல்பூண்டுகளும் பன்னூறாண்டுகளாக மட்கிப் படிந்த மண்ணாலாயது. அம்மண் நீரை மிகுதியாகத் தன்னகத்தே கொண்டு, பஞ்சு போலப் பருத்திருப்பது. இடைக்காலத்து மக்கள் அதில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துப் பயிர் செய்யத் தொடங்கினர். முதலில் நீர் தானே ஆற்றை நோக்கி ஓடிற்று. ஆயின், நீர் வடிந்த மண் தன் சுமையாலேயே அமுங்கிற்று. காற்றுப்பட்ட மேற்பகுதி சிதைந்து கரிவளியாய்க் கரைந்து போயிற்று. ஆகவே நிலம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தாழ்ந்தது. ஆறுகளோ, இருபுறமும் கரை எழுப்பப்பெற்றமையால், வண்டலைத் தம் படுகையிலேயே இட்டு உயர்ந்தன. நிலம் தாழ ஆறு உயர, மதகைத் திறந்துவிட்டால் நீர் வடியும் என்னும் நிலை மாறிற்று. நீரை வடித்த செயலே நீர் வடியாமைக்குக் காரணமாயிற்று. இதனை மனத்திற் கொண்டாலன்றி, காற்றாலையின் தேவை விளங்காது.

கரை காத்தலும் நீர் வடித்தலும் தனியொருவன் செய்யும் பணியல்ல. ஒருவன் தன் பகுதிக் கரையைப் புறக்கணித்தால் அயலான் வயலும் அழியும். ஆதலின் ஊரார் கூடி நீர்க்காப்பு மன்றங்கள் அமைத்தனர். ரைன் ஆற்றின் கிளைகள் சூழ்ந்த ஆல்பிளாஸர்வார்ட் என்னும் வட்டாரத்தில், ஒல்லாந்துக் கோமகன் ஐந்தாம் ஃபுளோரிஸ் 1277ஆம் ஆண்டில் இத்தகைய மன்றத்திற்கு வகை செய்தான். நீர்க்காப்பு மன்றங்கள் அந்நாட்டில் இன்றும் வரி விதிக்கும் உரிமையுடன் நடைபெற்று வருகின்றன.

2. காற்றாலை நீர் இறைத்தல்

காற்றினால் தானியம் அரைக்கும் ஆலைகள் ஐரோப்பாவில் முன்னரே இருந்தன. அவ்விசையை நீர் இறைத்தலுக்குப் பயன்படுத்தும் முறை, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தில் தோன்றிற்று. முதலில் அமைந்தவை, நடுத்தூண் ஒன்றன்மேல் மேற்கூடு முழுதும் திரும்பும் சிற்றாலைகள். பின்னர்ச் சுவர் அசையாது நிற்க, உச்சியிலுள்ள தலைக்கூரை மட்டும் காற்றின் திசைக்கேற்பத் திரும்பும் அமைப்புக் கண்டறியப்பட்டது. அதனால் ஆலையைப் பெரிதாகவும் வலிதாகவும் கட்ட இயன்றது.

ஆலையின் உறுப்புகளைக் கீழிருந்து மேலாகவன்றி, விசை செல்லும் வழியே மேலிருந்து கீழாக நோக்குதல் நன்று. நான்கு இறக்கைகளும் மரச்சட்டங்களால் ஏணி போல அமைந்தவை. அவற்றின்மேல் பாய்ச்சீலை விரிக்கப்படும். காற்று மெலிந்தால் சீலை முழுதும் விரித்தும், வலுத்தால் சுருட்டியும் வைப்பர். இறக்கைகள் பொருந்திய இருசு சற்றே சாய்ந்து கிடப்பது. அதன்மேல் பெரிய பற்சக்கரம் ஒன்று உண்டு. அச்சக்கரத்தைச் சூழ்ந்து மரக்கட்டைகளாலாய தடை அமைந்திருக்கும். அத்தடை இறுகினால் ஆலை நிற்கும். பற்சக்கரத்தினின்று விசை, நடுவே செங்குத்தாக நிற்கும் தண்டிற்கும், அதன் அடியிலுள்ள பற்சக்கரங்கள் வாயிலாக இறைசக்கரத்திற்கும் செல்லும். இறைசக்கரமாவது, விளிம்பெங்கும் பலகைகள் பொருத்திய உருளை. ஒடுங்கிய கால்வாயில் சுழன்று, அது நீரைத் தள்ளி மேலேற்றும். மேலேறிய நீர் திரும்பி வாராதபடி கதவொன்று தானே மூடிக்கொள்ளும்.

இச்சக்கரம் ஒன்றரை மீட்டர் அளவிற்கு நீரை உயர்த்தக் கூடும். அதனினும் ஆழமான இடமாயின், ஓர் ஆலை இறைத்ததை அடுத்த ஆலை இறைக்குமாறு படிப்படியாகப் பல ஆலைகளை நிறுத்துவர். பேம்ஸ்டர் என்னும் ஏரி இவ்வாறே வற்றச் செய்யப்பட்டது. 1607ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வேலையில், ஆலை வல்லுநராக விளங்கியவர் லேக்வாட்டர் என்பார். 1610இல் கடல்நீர் கரையை உடைத்து மீண்டும் ஏரியை நிரப்பிற்று. எனினும் முயற்சி கைவிடப்படவில்லை. நாற்பதுக்கு மேற்பட்ட ஆலைகள் இறைக்க, 1612இல் 7,000 எக்டேருக்கு மேற்பட்ட நிலம் உழவிற்கு வந்தது.

3. கிண்டர்டைக்

ஆல்பிளாஸர்வார்ட் வட்டாரத்தின் மேற்கு முனையில், லெக், நோர்ட் என்னும் ஆறுகள் கூடுமிடத்தில் கிண்டர்டைக் என்னும் சிற்றூர் உளது. ராட்டர்டாம் நகரத்திற்குக் கிழக்கே அண்மையில் அமைந்த ஊர் அது. அப்பெயர்க்குக் குழந்தைக்கரை என்பது பொருள். 1421ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் எழுந்த பெருவெள்ளத்தில், குழந்தையொன்று கிடந்த தொட்டில் கவிழாதபடி பூனையொன்று இருபுறமும் தாவித் தாவி நிலைநிறுத்த, அத்தொட்டில் இக்கரையில் ஒதுங்கிற்று எனப் பழங்கதை கூறும். கதையின் மெய்ம்மை எவ்வாறாயினும், வெள்ளம் மெய்யானது. அண்டை வட்டாரமொன்று அதனால் நீர்க்காடாயிற்று.

ஆல்பிளாஸர்வார்ட்டின் நீர் முழுதும் சரிந்து வந்து சேரும் கடைகோடி கிண்டர்டைக். 14ஆம் நூற்றாண்டிலேயே நீரை அவ்விடத்திற்குக் கொணரும் நெடுங்கால்வாய்கள் வெட்டப்பட்டன. நிலம் மேன்மேலும் தாழ்ந்தமையால் 18ஆம் நூற்றாண்டில் மதகுகள் மட்டும் போதாவாயின. ஆகவே நேடர்வார்ட் மன்றத்தார் 1738இல் செங்கல்லாலாய வட்டவடிவ ஆலைகள் எட்டினையும், ஓவர்வார்ட் மன்றத்தார் 1740இல் நாணல் வேய்ந்த எண்கோண மர ஆலைகள் எட்டினையும் எதிரெதிர் வரிசைகளாக நிறுவினர். இவற்றோடு பக்கத்துச் சிறு வட்டாரங்களின் ஆலைகள் மூன்றும் சேர, இன்று அங்கே நிற்பன 19.

இவ்வாலைகளின் வேலைமுறை நுட்பமானது. கால்வாய் வழி வந்த நீரை இறைத்து, கரைசூழ்ந்த உயர்தேக்கத்தில் சேர்ப்பர். ஆற்றில் நீர்மட்டம் தாழும் வேளை பார்த்து மதகைத் திறந்து தேக்கத்து நீரை ஆற்றிற்கு விடுவர். ஆறு பெருகியிருப்பின் மதகைத் திறத்தல் இயலாது. தேக்கத்தில் நீர் வரையறுத்த மட்டத்தை எட்டினாலோ, காற்று எவ்வளவு வீசினும் ஆலைகளை நிறுத்துதல் வேண்டும். இல்லையேல் தேக்கத்தின் கரையே உடையும். ஆற்றின் நிலை, தேக்கத்தின் அளவு, காற்றின் போக்கு ஆகிய மூன்றும் ஒத்து வரும் நேரமே இறைக்கும் நேரம். அது நள்ளிரவாயினும் ஆலைக்காரன் எழுந்து இறைக்கவேண்டியதே.

ஆலைக்காரர் தம் குடும்பத்தோடு ஆலைக்குள்ளேயே வாழ்ந்தனர். நேடர்வார்ட் ஆலைகளின் இறக்கைகள் முனைக்கு முனை ஏறத்தாழ 28 மீட்டர் நீளமுடையன. தரையை உரசுவன போலச் சுழல்வன. ஆதலின் குழந்தைகள் இறக்கையின் பக்கம் செல்லாதபடி காத்தல் தாய்மார்க்கு நாள்தோறும் கவலையாயிருந்தது.

4. ஓய்வும் அழிவும்

நீராவிப் பொறியின் வருகை காற்றாலையின் நிலையை மாற்றிற்று. ஹார்லெம் ஏரியை வற்றச் செய்ய 160 ஆலைகள் வேண்டும் என லேக்வாட்டர் 1641இல் நூலெழுதினார். இரு நூற்றாண்டு கழிந்து, 1849 முதல் 1852 வரை, மூன்று நீராவி நிலையங்களே அப்பணியை முடித்தன. அவற்றுள் ஒன்றுக்கு லேக்வாட்டரின் பெயரே இடப்பட்டது. கிண்டர்டைக்கில் 1868இல் நீராவி நிலையங்கள் எழுந்தன. காற்று வீசாத நாளில் நீராவியும், வீசிய நாளில் ஆலையும் எனச் சிலகாலம் இரண்டும் உடன் உழைத்தன. பின்னர் டீசல் எண்ணெயும் மின்விசையும் வந்தன.

19ஆம் நூற்றாண்டின் இடைக்காலத்தில் அந்நாட்டில் ஏறத்தாழ 9,000 காற்றாலைகள் இருந்தன. இன்று எஞ்சியவை சுமார் 1,200. பெரும்பாலானவை போரிலோ புயலிலோ அழிந்தனவல்ல. வேலையற்றுப் போனமையால், மரத்திற்கும் செங்கல்லிற்கும் விலைபேசிப் பிரிக்கப்பட்டவை. இதனைக் கண்டு வருந்தியோர் 1923இல் காற்றாலைகளைக் காக்கும் கழகமொன்றை நிறுவினர்.

அக்கழகத்தார் தொடக்கத்தில் மேற்கொண்ட வழி கருதத்தக்கது. ஆலையைக் காட்சிப்பொருளாக்குதலன்று, எந்திரத்தோடு போட்டியிடுமாறு திருத்துதலே அவர் நோக்கம். லெய்டன் நகரத்து ஆலைக் கைவினைஞர் டெக்கர் என்பார் 1920களின் இறுதியில், இறக்கையின் முன்விளிம்பை உலோகத் தகட்டால் மூடி, வானவூர்திச் சிறகு போல வழவழப்பாக்கினார். அதனால் மெல்லிய காற்றிலும் ஆலை சுழன்றது. ஆயினும் எந்திரத்தின் ஓட்டத்தை அது தடுக்கவில்லை.

இரண்டாம் உலகப்போர் ஒரு பாடம் கற்பித்தது. 1940 முதல் 1945 வரை நாடு பகைவர் கையிலிருந்தபோது, எரிபொருள் கிடைத்தல் அரிதாயிற்று. கிண்டர்டைக் ஆலைகள் மீண்டும் நீரிறைத்தன. பழையன என ஒதுக்கப்பட்டவை அன்று வயல்களை மூழ்காது காத்தன. போர் முடிந்தபின் 1950ஆம் ஆண்டளவில் அவற்றின் நாட்பணி ஓய்ந்தது. 1972இல் மூன்று பெருந்திருகுகளைக் கொண்ட புதிய இறைப்பு நிலையம் நேடர்வார்ட் நீரை ஏற்றத் தொடங்கிற்று.

5. மீட்கும் முறை

ஓய்ந்த ஆலைக்கு நேர்வன யாவை? ஒரே நிலையில் நிற்கும் இறக்கைகளில் மழைநீர் ஒரே இடத்தில் இறங்கி மரத்தை இற்றுப் போகச் செய்யும். இருசின் பெருஞ்சுமை தாங்கியின் ஒரே புள்ளியை அழுத்திக்கொண்டிருக்கும். உத்திரங்களில் வண்டு துளைக்கும். நாணற்கூரையில் பாசி படரும். இவற்றைக் காண்போர் இலராதலின், சிறு குறை பெருங்கேடாகும். ஆலை சுழலுமாயின், சுழற்றுவோன் நாள்தோறும் படியேறுவான், ஒழுக்கைக் காண்பான், பற்களுக்குத் தேன்மெழுகும், இருசின் கழுத்திற்குப் பன்றிக்கொழுப்பும் இடுவான், ஓசை மாறினால் காரணம் தேடுவான். ஆகவே ஆலைக்கு ஓய்வே நோய், உழைப்பே மருந்து.

சீர்திருத்துவோர்க்கு அரிய வினாவொன்று எழுவதுண்டு. எக்காலத்து வடிவிற்கு ஆலையை மீட்பது? இருசு முதலில் மரத்தாலாயது. 19ஆம் நூற்றாண்டில் வார்ப்பிரும்பாக மாறிற்று. இறக்கையின் நடுச்சட்டமும் மரமாயிருந்து, அந்நூற்றாண்டிலேயே இரும்புத் தகடுகளை ஆணியறைந்து இணைத்த சட்டமாயிற்று. அத்தகைய சட்டங்களைச் செய்து புகழ்பெற்ற பாட் சகோதரர் பட்டறை கிண்டர்டைக் பகுதியிலேயே இருந்தது. அப்பழைய இரும்பில் வெடிப்புத் தோன்றி, இறக்கை முறிந்து விழும் இடர் உண்டாகவே, இக்காலத்துப் பற்றவைத்த எஃகுச் சட்டங்கள் பல ஆலைகளில் பொருத்தப்பட்டன. பழமையே வேண்டுமென்போர் மரத்தை நாடுவர். ஆலை அச்சமின்றிச் சுழலவேண்டுமென்போர் எஃகை ஏற்பர். டெக்கரின் தகடுகளைச் சிலர் அகற்றினர். சிலர் அவையும் வரலாறே என விட்டுவைத்தனர். இவ்வழக்கில் பெரும்பாலும் வென்றது சுழற்சியின் பக்கமே. தேய்ந்த உறுப்பை மாற்றுதல் ஆலையின் வாழ்நாள் முழுதும் நடந்த செயலாதலின், மாற்றுதலும் மரபேயாம்.

கிண்டர்டைக் ஆலைத்தொகுதியை 1997இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றது. அவ்வாண்டிலேயே, தொகுதியின் மிகச் சிறியதாகிய நடுத்தூண் ஆலை தீக்கிரையாயிற்று. அதனை மன்னித்துவிடத்தக்க இழப்பெனக் கருதாது, பழைய அமைப்பின்படியே மீண்டும் எழுப்பிச் சுழலவிட்டனர். இன்றைய எந்திரம் பழுதுற்றால் கைகொடுக்குமாறு கிண்டர்டைக் ஆலைகள் இறைக்கும் நிலையிலேயே வைக்கப்பெற்றுள்ளன. அவற்றுட் பலவற்றில் மக்கள் இன்றும் வாழ்கின்றனர்.

ஆலையைச் சுற்றியுள்ள வெளியும் ஆலையின் உறுப்பே. அருகில் மரம் ஓங்கினாலும் மாடம் எழுந்தாலும் காற்றுத் தடைப்படும். செவ்வையாகச் சீர்திருத்திய ஆலையும் அப்போது அசையாது நிற்கும். ஆகலின் ஆலையைச் சூழ இத்துணைத் தொலைவில் இத்துணை உயரமே இருக்கலாம் என வரையறை செய்து காக்க முயல்கின்றனர்.

6. வேலை மாறினும் வாழ்தல்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்திற்கு வடகிழக்கே விக்கன் என்னும் சதுப்பு நிலம் உளது. சுற்றியுள்ள சதுப்புகள் யாவும் வடிக்கப்பட்டு வயலாகித் தாழ்ந்து போக, இஃதொன்று எஞ்சிற்று. நாட்டுச் சின்னங்களைக் காக்கும் அறக்கழகம் 1899 முதல் இதனை விலைக்கு வாங்கிக் காத்து வருகின்றது. அண்டை வயல்கள் தாழ்ந்தமையால், மேட்டில் நின்ற சதுப்பு உலரத் தொடங்கிற்று. அருகே 1912இல் வயலின் நீரை வெளியேற்றக் கட்டிய சிறு மர ஆலையொன்று பயனற்று நின்றது. அதனை 1956இல் பிரித்துக் கொணர்ந்து விக்கனில் நிறுத்தினர். அன்று முதல் அதன் பணி நேர்மாறாயிற்று. சதுப்பினின்று நீரை வெளியேற்றப் பிறந்த ஆலை, சதுப்பிற்கு நீர் ஊட்டலாயிற்று. நாணலும் பறவையும் பூச்சியும் வாழ அது துணை நின்றது. வடித்ததன் தீமையை ஈடுசெய்ய, வடித்த கருவியே உதவிற்று.

7. கைவினையும் மரபே

ஆலையைத் தச்சர் சீர்திருத்தலாம். அதனைச் சுழற்றுவார் யார்? எந்திரம் வந்தபின் ஆலைக்காரரின் மக்கள் வேறு தொழில் புக்கனர். வானத்தை நோக்கிச் சீலையைச் சுருட்டும் நேரம் அறிதல், புயலில் தடை தேய்ந்து தீப்பற்றாதபடி நிறுத்துதல் ஆகியன ஏட்டில் எழுதி வைத்துக் கற்பனவல்ல. எனவே 1972இல் தொண்டு நோக்கமுடைய ஆலைக்காரர் சங்கம் தோன்றிற்று. ஆசிரியரும், எழுத்தரும், கடைக்காரரும் ஓய்வுநாளில் ஆலைக்கு வந்து, தேர்ந்த ஆலைக்காரரிடம் பல பருவத்துக் காற்றிலும் பழகி, தேர்வெழுதித் தகுதி பெறுகின்றனர். 2017இல் யுனெஸ்கோ, ஆலையைச் சுழற்றும் இக்கைவினையையே மனிதகுலத்தின் மரபாக ஏற்றது. முன்பு கட்டடத்திற்கு அளித்த சிறப்பை, இருபதாண்டு கழித்து அதனை இயக்கும் கைக்கும் அறிவிற்கும் அளித்தது.

ஆலைக்காரர்க்குத் தனி மொழியும் உண்டு. மேலேறிவரும் இறக்கை உச்சியை எட்டுமுன் சிறிதே குறைவாக நிறுத்தினால் மகிழ்ச்சி. உச்சியைக் கடந்து சிறிது சரிய நிறுத்தினால் துயரம். 2014 ஜூலையில் மலேசிய விமானமொன்று உக்ரைன் நாட்டு வானில் வீழ்த்தப்பட்டு, ஒல்லாந்தர் 196 பேர் உள்ளிட்ட 298 பேர் மாண்டபோது, நாடெங்கும் ஆலைகள் துயரநிலையில் நின்றன. ஒரு சொல்லும் பேசாது ஆலைகள் அறிவித்த துயரை மக்கள் யாவரும் உணர்ந்தனர். அம்மொழியறிந்தோர் எஞ்சியிருந்தமையாலன்றோ அஃது இயன்றது!

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் அறியப்படுவது யாது? பழம்பொருளைக் காத்தலாவது அதனைக் கண்ணாடிப் பேழையுள் வைத்தல் மட்டுமன்று. சில பொருள்கள் அசையாதிருந்தால் நிலைக்கும். சில பொருள்கள் அசைந்தால்தான் நிலைக்கும். காற்றாலை இரண்டாம் வகையினது. அதற்கு வேண்டுவன நான்கு: உறுதியான உடல், தடையற்ற காற்று, செய்தற்கு ஒரு வேலை, செய்விக்க அறிந்த ஒரு கை. இவற்றுள் முதலது பொருளால் கிடைக்கும். இரண்டாவது சட்டத்தால் கிடைக்கும். மூன்றாவது சிந்தித்தால் கிடைக்கும். நான்காவதோ, அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே கற்பார் ஒருவர் முன்வந்தாலன்றிக் கிடையாது. கைவினையாயினும் கருவியாயினும், முதியோரிடத்து எஞ்சியிருக்கும் அறிவைக் கற்றுக்கொள்ளும் காலம் என்றும் குறுகியதே. மாணவராவார் இதனை உளங்கொள்வாராக.